14 மாத்திரைகளும் ஓர் ஈசிஜியும்

ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. ஆக 14 மாத்திரைகள். முதல் இரண்டு வகையும் ரத்தம் மேலும் உறையாமல் தடுப்பவை; மூன்றாவது கொழுப்பைக் குறைப்பது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு இவற்றை ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று 2023-இல் தமிழக அரசு தொடங்கியதுதான் ‘இதயம் காப்போம்’ திட்டம்.

சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தானே மாத்திரை? நெஞ்சு அடைத்து வியர்த்துக் கொட்டும்போது நம் வீடுகளில் முதலில் வருவது சோடாவும் ஓமத் தண்ணீரும். “வாயுதான், விடியட்டும் பார்க்கலாம்” என்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுவாங்கலோடு மட்டும்கூட மாரடைப்பு வரும். தாடை வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று பெண்கள் சொன்னால் வேலைக் களைப்பு என்று தள்ளிவிடுகிறோம். இது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் முழுதாக அடைபட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகாமலே தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை மறுபடி வளராது.

அடைப்பை பலூன் வைத்துத் திறந்து ஸ்டென்ட் பொருத்துவதே சிறந்த சிகிச்சை. ஆனால் அதற்கான சிகிச்சைக் கூடமான கேத் லேப் எல்லா ஊரிலும் இல்லை. தொலைவில் இருப்பவருக்கு அருகிலேயே ஈசிஜி எடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டு, 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோவுக்கு அனுப்பலாம். கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி ஆகிய இதய மருத்துவர்கள் இங்கேயே இதைச் செய்து காட்டினார்கள். சிறிய மருத்துவமனைகளை கேத் லேப் உள்ளவற்றோடு இணைத்தபோது, ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. 2017-இல் வெளியான ஆய்வு இது.

ஆகவே நெஞ்சு அடைத்தால் 108-ஐ அழையுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள். பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால், மார்பின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டராவது அமுங்கும்படி அழுத்துங்கள். கை ஓய்ந்தால் பக்கத்தில் இருப்பவர் தொடரட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.