சோற்றுக்கற்றாழை: சோறு ஆகும், பால் ஆகாது

வேலியோரத்திலும் கொல்லையிலும் அதிகக் கவனிப்பின்றி வளரும் சோற்றுக்கற்றாழைக்கு இப்போது நல்ல கிராக்கி உண்டு. நகரங்களில் காலையில் நடக்க வருவோர் இதன் சாற்றை வாங்கிக் குடிக்கின்றனர். உடற்சூடு தணியக் கற்றாழைச் சோறு உண்பது கிராமங்களிலும் நெடுநாளைய வழக்கம்தான். ஆனால் மடலைத் தோலோடு நறுக்கி, மிக்சியில் போட்டு அப்படியே அரைத்துக் குடிப்பது ஆபத்தானது.

மடலைக் குறுக்கே வெட்டினால் விவரம் புரியும். நடுவில் இருப்பது கண்ணாடி போன்ற வழவழப்பான சோறு. இது பெரும்பாலும் நீரே. தோலை ஒட்டி உட்புறத்திலிருந்து மஞ்சள் நிறப் பால் கசியும். இப்பாலில் அலோயின் என்ற கசப்புப் பொருள் உள்ளது. அது கடும் பேதி மருந்து. இந்தப் பாலைக் காய்ச்சிக் கட்டியாக்கியதுதான் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கரியபோளம். சித்த மருத்துவர்கள் அதைச் சுத்தி செய்து, அளவறிந்தே கொடுப்பார்கள்.

மஞ்சள் பால் வயிற்றுக்குள் போனால் குடலைப் பிசைவது போன்ற வலியும் பேதியும் உண்டாகும். தொடர்ந்து சாப்பிட்டால் உடலில் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து குறைந்து, தளர்ச்சியும் இதயத் துடிப்பில் கோளாறும் ஏற்படலாம். இதய நோய்க்கு டிஜாக்சின் சாப்பிடுவோரும், நீர் பிரிவதற்கான மாத்திரை எடுப்போரும் இதைத் தொடவே கூடாது. கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கும் ஆகாது. நீரிழிவு மாத்திரை சாப்பிடுவோர் கற்றாழைச் சாறும் குடித்தால் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடக்கூடும். டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

பேதி மருந்துகளில் கற்றாழைப் பாலைச் சேர்த்து டாக்டர் சீட்டின்றி விற்பதை அமெரிக்க அரசு 2002-ல் நிறுத்திவிட்டது. பால் நீக்காத முழு மடல் சாற்றை 2 ஆண்டுகள் குடிநீரில் கலந்து கொடுத்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் உண்டானதாக அந்நாட்டு ஆய்வு ஒன்று 2013-ல் தெரிவித்தது. எலிக்கு வந்தது மனிதருக்கும் வரும் என்று இதனால் உறுதியாகிவிடவில்லை. ஆயினும் தோலோடு அரைப்பதைக் கைவிட இது போதுமான காரணம்.

மடலை அறுத்ததும் வெட்டுவாய் கீழே இருக்கும்படி 15 நிமிடமாவது சாய்த்து வைத்துப் பாலை வடிய விட வேண்டும். இருபுற முள்ளையும் சீவி, மேல்தோல், கீழ்த்தோல் இரண்டையும் சற்று ஆழமாகவே நீக்க வேண்டும். சோறு கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை. பிறகு சோற்றைத் துண்டு போட்டு ஏழு முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நாக்கில் வைத்தால் கசக்கிறதா? பால் இன்னும் போகவில்லை என்று பொருள். மறுபடியும் அலசவும். சாறு கடைக்காரர்களுக்கு மடல் கொடுக்கும் விவசாயிகள் இம்முறையை அவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பது நல்லது.

மாட்டின் மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்துப் பூசுவது வேறு விஷயம். அது வெளிப்பூச்சு, தோலோடு அரைக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. வேலியில் நிற்கும் ஆனைக்கற்றாழை வேறு செடி. அதன் சாறு பட்டாலே தோல் அரித்துத் தடிக்கும். வாயில் பட்டால் எரியும். சோற்றுக்கற்றாழை மடலை ஒடித்தால் பட்டென்று ஒடியும். ஆனைக்கற்றாழையை ஒடிக்க முடியாது. உள்ளே முழுவதும் நார், நுனியில் ஊசி போன்ற கெட்டி முள்.