தாயும் தகப்பனும் மலைக்குப் போனால் பிள்ளைக்குப் படிப்பிப்பது யார்?

வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது பற்றிப் பேசுவோர், பகல் முழுவதும் வீட்டில் யாரோ ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்துடனேயே பேசுகிறார்கள். எமது மலையகத் தோட்டங்களில் நிலைமை அதுவல்ல. தாய் விடியற்காலை நாலரைக்கு முன்னரே எழும்பி, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி விட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறாள். மாலையில் கடைசிக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஐந்து மணியாகிறது. அதன் பின்னர் விறகு, அடுப்பு, உடுப்புத் துவைப்பு. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பிள்ளைக் காம்பரா உண்டு. பாடசாலை விட்டு ஒன்றரை மணிக்கு லயத்துக்குத் திரும்பும் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு எதுவும் இல்லை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாடசாலையை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிப்பிப்பதைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. இந்நாட்டில் 5 வயதிலிருந்து 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயமானது. முன்னர் 14 ஆக இருந்த மேலெல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. கொழும்பில் வசதியுள்ள சில குடும்பங்கள் வீட்டிலேயே படிப்பித்து, வெளிநாட்டுப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை இருத்துகின்றன. அவர்களுடைய கதை வேறு. பாடசாலை நடக்கும்போது அதற்குத் துணையாகவும், பாடசாலை மூடப்படும்போது அதற்குப் பதிலாகவும் ஒரு லயத்து வீடு என்ன செய்ய முடியும் என்பதே எமது கேள்வி.

பாடசாலை மூடப்படுவது எப்போதோ ஒரு முறை நடப்பது என்று இனியும் நாம் நினைத்துக்கொண்டிருக்க முடியாது. கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மார்ச் நடுப்பகுதியில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறப்பதும் மீண்டும் மூடுவதுமாக நாட்கள் கழிந்து, 2021 ஒக்டோபர் 21 ஆந் திகதிதான் இருநூறு மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் மறுபடி திறந்தன. 2022 நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாமல் மீண்டும் மூடல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் மண்சரிவும் மலைநாட்டைத் தாக்கியபோது இன்னொரு மூடல்.

2020 ஜனவரியில் தரம் 1 இல் சேர்ந்த பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியையின் பெயரைப் பழகிக்கொள்வதற்குள் வகுப்பு நின்றுவிட்டது. எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கப் பழக வேண்டிய இரண்டு வருடங்களில் பெரும்பகுதியை அந்தப் பிள்ளை லயத்து வாசலிலேயே கழித்தது. பாடங்கள் வட்ஸ்அப் மூலம் வந்தன. ஆனால் வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி தகப்பனின் சட்டைப் பையில் மலைக்குப் போய்விட்டது. தொலைபேசி இருந்த வீடுகளில் டேட்டாவுக்குக் காசில்லை. காசிருந்த வீடுகளில் சிக்னலைத் தேடிப் பிள்ளைகள் மேட்டுக்கு ஏறினார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று இடைநிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியை எழுத்தெழுத்தாகத் தடவி வாசிக்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அதற்கு மூளை மந்தம் என்று சொல்வது அநியாயம்.

"எங்களுக்கே எழுத்துத் தெரியாதே, நாங்கள் எப்படிப் படிப்பிப்பது?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்விதான். எனினும் வாசிப்புப் பழகும் பிள்ளைக்கு வீட்டில் முதலில் வேண்டியது எழுத்துத் தெரிந்த ஒருவர் அல்லர். காது கொடுக்கும் ஒருவர். பிள்ளை உரத்து வாசிக்கட்டும். கேட்பவர் வாசிக்கத் தெரியாதவராகவே இருக்கட்டும். வாசித்து முடிந்ததும் "அந்த நரி பிறகு என்ன செய்தது?" என்று கேட்டால் போதும். பிள்ளை பொருள் விளங்கி வாசித்ததா, வெறுமனே ஒலித்ததா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். தாயின் கைநாட்டைக் கையெழுத்தாக மாற்றும் வேலையையும் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். அம்மாவின் பெயரை அம்மாவுக்கு எழுதப் பழக்கும் பிள்ளை, தனக்கு நிச்சயமில்லாத எழுத்தையும் நிச்சயப்படுத்திக்கொள்ளும்.

ஓரளவு எழுத்தறிந்த பெற்றோருக்கு இன்னும் ஒரு வார்த்தை. தமிழில் எழுத்துக்கள் 247 என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. மற்ற 216 உம் இவற்றின் சேர்க்கைகளே. கால், கொம்பு, சுழி ஆகிய குறிகள் எங்கே ஒட்டுகின்றன என்பது பிடிபட்டால், 'கா' தெரிந்த பிள்ளைக்கு 'மா'வும் 'பா'வும் தாமாகவே வந்துவிடும். கு, சு, து, மு போன்றவைதான் ஆளுக்கொரு கோலத்தில் நின்று பிள்ளையைக் குழப்புகின்றன. நேரத்தைச் செலவிட வேண்டியது அங்கேதான். அகரவரிசையை முதலிலிருந்து கடைசி வரை ஒப்புவிக்க வைப்பதைவிட, பிள்ளையின் பெயரில் உள்ள எழுத்துக்களிலிருந்து தொடங்குவது நல்லது. தேயிலைப் பக்கற், சவர்க்கார உறை, பஸ்ஸின் பெயர்ப் பலகை, பழைய பத்திரிகையில் சுற்றி வந்த பருப்பு என்று வாசிப்பதற்கு லயத்திலும் பொருள் உண்டு.

கணக்கைப் பொறுத்தவரை தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடப்புத்தகம் வேறெவருக்கும் கிடைக்காது. அம்மா காலையில் 7 கிலோ, மத்தியானம் 6 கிலோ, பின்னேரம் 5 கிலோ கொழுந்து நிறுத்தாள், மொத்தம் எவ்வளவு? கூடைக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் 1 கிலோ கழித்தால் மிகுதி எவ்வளவு? இது தரம் 2, 3 பிள்ளைக்குரிய கணக்கு. தரம் 6 இற்கு மேலே உள்ள பிள்ளைக்குச் சம்பளச் சீட்டைக் கொடுங்கள். 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1000 ரூபா. பின்னர் அந்தத் தொகை மாறிவிட்டாலும் கணக்குப் பழகுவதற்கு அது இலகுவான எண். மாதத்தில் 18 பேர் விழுந்திருந்தால் 18,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம், அதாவது 1,440 ரூபா கழிக்கப்பட வேண்டும். தொழில் கொள்வோர் 12 வீதமாக 2,160 ரூபா சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 3,600 ரூபா தாயின் பெயரில் வைப்பாக வேண்டும். வீதக் கணக்கை இப்படிப் பழகிய பிள்ளை பரீட்சையில் மட்டும் பயன் பெறுவதில்லை. அரைப் பேர் எங்கே போடப்பட்டது, முற்பணம் இரு முறை கழிக்கப்பட்டதா என்பதெல்லாம் அந்த வீட்டுக்கு முதன்முறையாகத் தெரியவரும்.

சரி, இதற்கெல்லாம் யார் உட்காருவது? நடைமுறையில் அந்த வேலை மூத்த பெண்பிள்ளையின் தலையிலேயே விழுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவள் தம்பிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள், தங்கையைக் குளிப்பாட்டுகிறாள், சோறு வடிக்கிறாள். அவளுடைய சொந்தப் பாடம் இரவு ஒன்பது மணிக்குத் தூக்கத்தோடு தொடங்குகிறது. தாய்க்குச் சுகமில்லாத நாட்களில் பாடசாலைக்கு வராமல் நிற்பவளும் அவளே. கொஞ்சம் கொஞ்சமாக வரவு குறைந்து, ஒரு தவணையில் பெயர் இடாப்பில் மட்டும் இருக்கிறது. தம்பி தங்கைகளின் படிப்புக்கு அக்காவின் படிப்பை விலையாகக் கொடுக்கும் ஏற்பாட்டை நாம் வீட்டுக்கல்வி என்று பாராட்ட முடியாது.

தாயிடம் இன்னொரு சுமையை ஏற்றுவதும் ஆகாது. அவளுடைய பகல் விடிவதற்கு முன் தொடங்கி எல்லோரும் படுத்த பிறகே முடிகிறது.

மீதமிருப்பவர் தகப்பன். பலருக்கும் கசக்கும் ஒரு விடயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். தோட்டங்களில் ஆண்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது கவ்வாத்து, மருந்தடிப்பு, கான் வெட்டு போன்ற அளவு வேலை. குறித்த அளவை முடித்தால் நாள் முடிந்தது. பலர் மத்தியானத்தோடு அல்லது இரண்டு மணியளவில் லயத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். பிள்ளை பாடசாலையால் வருவதும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான். அதாவது, இருவரும் வேலைக்குப் போகும் வீட்டிலும் தாய் வரும் வரையிலான இரண்டு மூன்று மணித்தியாலங்களில் பெரியவர் ஒருவர் பல நாட்களில் வீட்டில் இருக்கத்தான் செய்கிறார். அந்த நேரம் சந்தியிலும் கரம் பலகையிலும், சில வீடுகளில் சாராயக் கடையிலும் போகிறது. எல்லாத் தகப்பன்மாரையும் ஒரே தராசில் நிறுக்க நாம் விரும்பவில்லை. மரக்கறித் தோட்டம் செய்பவர், நகரத்தில் கைவேலைக்கு ஓடுபவர், மாடு பார்ப்பவர் பலர் உண்டு. ஆயினும் குளித்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அரைமணி நேரம் இஸ்தோப்பில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்வதற்கு முடியாத தகப்பன் அரிது. ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் அடித்து உருட்டிப் படிப்பிப்பதைவிட, ஆறு நாள் அரைமணி பலன் தரும்.

இஸ்தோப்பு என்றதும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்து கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களின் மேல் சுமத்தியது. அதற்கு முன்னர் எழுத்தறிந்த எவரோ ஒருவர் லயத்து வாசலில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்ததே பல இடங்களில் பள்ளிக்கூடமாக இருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970 களில்தான். ஆகவே வாசலில் படிப்பிப்பது எங்கள் மக்களுக்குப் புதிதல்ல.

இன்றும் ஒரு லயத்தில் நான்கைந்து வீட்டார் ஒன்று சேரலாம். தகப்பன்மார் ஆளுக்கொரு நாள் பொறுப்பெடுத்தால் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வரும். பேர் எடுப்பதை விட்டு வீட்டிலிருக்கும் தாத்தா, பாட்டிமாரையும் சேர்த்துக்கொள்ளலாம். கதை சொல்வதற்கு அவர்களை மிஞ்ச ஆளில்லை. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சொல் வளம் கூடும். சாதாரண தரம் முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் இளைஞர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து, தவறாகப் பழகியவற்றைத் திருத்திக் கொடுத்தால் போதும். ரியூசனுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை அவருக்குக் கொடுப்பதில் தவறில்லை.

இதற்குப் பாடசாலையும் இரண்டு விதத்தில் கை கொடுக்க வேண்டும். எந்த வாரத்தில் எந்தப் பாடம் என்பதை ஆசிரியர் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால், பாடசாலை திடீரென மூடப்பட்டாலும் வீட்டார் தடுமாற மாட்டார்கள். மற்றது, பெற்றோர் கூட்டம். வார நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், வரும் தாய்க்கு அன்றைய பேர் போய்விடும். வராவிட்டால் அக்கறையில்லாதவள் என்ற பெயர் கிடைக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தை, தோட்டத்தில் வேலையில்லாத ஒரு நாளில் வைக்குமாறு அதிபரிடம் கேட்கலாம். கேட்கப் போகும்போது தகப்பன்மாரும் சேர்ந்து போவது நல்லது.