மண்ணில் துத்தநாகம் இருந்தும் காபிச் செடிக்குப் பத்தவில்லையே, ஏன்?

ஏற்காடு மலையில் மாரமங்கலம் வட்டாரத்துச் செம்மண்ணுக்கு அந்த நிறத்தைத் தருவது ஒரு வகைத் துரு. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையில் ஊறியதில் சிலிக்காவும் சுண்ணாம்பும் கரைந்து ஓடிவிட்டன. அலுமினியமும் இரும்பும் மிஞ்சின. அந்த அலுமினியத்துக்காகத்தான் இங்கிருந்து பாக்சைட்டை வெட்டி மேட்டூர் மால்கோ ஆலைக்குக் கொண்டுபோனார்கள். இரும்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் செடிக்கு எந்த உலோகம் கிடைக்கும், எது கிடைக்காது என்பதில் பெரிய பங்கு அந்த இரும்புக்குத்தான்.

துரு வளர்கிறது

மண்ணில் முதலில் உருவாகும் துருவுக்குப் பெயர் ஃபெரிஹைட்ரைட். ஒரு துகள் சில நானோமீட்டர்தான். ஒரு கிராமை விரித்துப் போட முடிந்தால் சில நூறு சதுர மீட்டர் பரப்பு வரும்! அத்தனை பரப்பிலும் துத்தநாகம், நிக்கல், ஈயம், ஆர்சனிக் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

இது இப்படியே இருந்துவிடாது. நாளாக ஆக மஞ்சள் நிற கோயதைட்டாகவோ, சிவப்பு ஹெமடைட்டாகவோ படிகமாகிவிடும். அப்போது பரப்பு சுருங்கும். ஒட்டியிருந்த உலோகங்கள் என்ன ஆகும்? நிக்கலும் துத்தநாகமும் கிட்டத்தட்ட இரும்பு அயனியின் அளவுதான். அதனால் ஒரு பங்கு படிகத்துக்குள்ளேயே குடியேறிவிடும். ஈய அயனி ரொம்பப் பெரிசு. உள்ளே இடம் கிடைக்காமல் பெரும்பாலும் வெளியே தள்ளப்படும்.

படிகத்துக்குள் போன துத்தநாகத்தை வேரால் எடுக்க முடியாது. "மண்ணுல சத்து இருக்குதுங்க, செடிதான் எடுக்க மாட்டேங்குது" என்று விவசாயிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். (மழையில் அடித்துப் போவதும், பாஸ்பேட் உரம் மிஞ்சுவதும் வேறு காரணங்கள்.)

பூட்டு திறக்குமா?

திறக்கும். மண்ணில் தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் சில பாக்டீரியாக்கள் துருவையே சுவாசத்துக்குப் பயன்படுத்தும். இரும்பு கரையும், பிடித்திருந்ததும் வெளியே வரும். மேற்கு வங்கம், வங்கதேசத்தின் ஆழ்துளைக் கிணறுகளில் ஆர்சனிக் கலந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இதைவிட ஆச்சரியம், துரு கரைந்து தீர வேண்டியதுகூட இல்லை என்பது. கரைந்த இரும்பு கோயதைட்டைத் தொட்டாலே எலக்ட்ரான் கைமாறி, படிகம் ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளரும். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் சுமார் 30 நாளில் அதன் இரும்பு அணுக்கள் ஏறக்குறைய முழுவதும் மாறிவிடுவதை 2009-ல் ஐசோடோப் சோதனை காட்டியது. இந்த மாற்றத்தின்போது உள்ளே பூட்டியிருந்த நிக்கலும் துத்தநாகமும் வெளியேறுவதை அமெரிக்காவில் கேட்டலானோ குழு 2011-ல் கண்டது.

அப்போ தண்ணீர் தேக்கினால் போதுமா? போதாது. நெல் வயலில் நடப்பது நேர் எதிர்: வெளியே வந்த துத்தநாகத்தை சல்ஃபைடு போன்றவை மறுபடி பிடித்துக்கொள்ளும். கைரா நோய் வருவது அங்கேதான். காபிக்கோ தண்ணீர் தேங்கினால் வேரே அழுகும்.

மண் பரிசோதனையில் என்ன பார்ப்பது?

'மொத்த' அளவை மட்டும் பார்த்துப் பயனில்லை. அதில் படிகத்துக்குள் கிடப்பதும் சேர்ந்தே வரும். வழக்கமான டி.டி.பி.ஏ. சோதனை, செடி எடுக்கக்கூடிய பங்கை மதிப்பிடுகிறது. இலை சிறுத்து, குறுகி, கணுக்கள் நெருங்கி வந்தால் துத்தநாகக் குறை என்று சந்தேகிக்கலாம். காபித் தோட்டங்களில் துத்தநாக சல்பேட்டை இலை மேல் தெளிப்பது இதற்காகத்தான். இலையில் விழுவது துருவிடம் மாட்டுவதில்லை.