விடியற்காலைச் சந்தை
உழவர் சந்தையில் இடைத்தரகருக்கு இடமில்லை, விளைவித்தவரே விற்கிறார். பஞ்சாபின் அப்னி மண்டி, ஆந்திரத்தின் ரைத்து பஜார் ஆகிய இதே போன்ற சந்தைகளை அடுத்து, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. சாகுபடி விவரத்தை அதிகாரிகள் சரிபார்த்த பின்பே விவசாயிக்கு அடையாள அட்டை கிடைக்கும். கடைக்கு வாடகை இல்லை; தராசும் இலவசம்.

இதன் உயிர்நாடி விலைப்பலகைதான். மொத்த விலைக்குச் சற்று மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் அன்றன்றைய விலை நிர்ணயிக்கப்படுவதால், விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே ஆதாயம். கீரை, கத்தரி, வெண்டை போன்ற சீக்கிரம் வாடும் காய்கறிகளுக்கே இந்த ஏற்பாடு பெரிதும் பொருந்தும். அட்டையை இரவல் வாங்கி வியாபாரிகள் உள்ளே நுழைவதைத் தடுக்கக் கண்டிப்பான சோதனை அவசியம்.