ஓடுகுதிரையும் நிழற்படமும்

'ஓடுகுதிரை' என்னும் தொடரை இலக்கணம் கற்றார் வினைத்தொகை என்பர். ஓடிய குதிரை, ஓடுகின்ற குதிரை, ஓடும் குதிரை ஆகிய மூன்றையும் அத்தொடர் தன்னுள் அடக்கி நிற்கும். காலங்காட்டும் உறுப்பு மறைந்திருப்பதனாலேயே அதற்கு இவ்வாற்றல் வாய்த்தது. நிழற்படமோ இமைப்பொழுதினும் குறுகிய ஒரு கணத்தையே கொள்வது. அசையாத அப்படத்தில் அசைவைக் காட்டுதல் கூடுமோ?

பிரான்சிய ஓவியர் ஜெரிக்கோ 1821இல் எப்சம் குதிரைப் பந்தயத்தை வரைந்தார். அவர்தம் குதிரைகள் முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டி, நிலந்தோயாது பறக்கின்றன. அக்கால ஓவியர் மரபும் அதுவே. 1878ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்ணியாவிலுள்ள பாலோ ஆல்ட்டோவில், மைபிரிஜ் என்பார் ஓட்டத்தடத்தின் ஓரமாக 27 அங்குலத்துக்கு ஒன்றாகக் கமராக்களை நிரைப்படுத்தினார். குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்தோட, ஒவ்வொரு கமராவும் ஒவ்வொரு படம் பிடித்தது. நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டெழுதல் உண்மையே. ஆயின், அக்கணத்தில் அவை நீண்டிருக்கவில்லை, வயிற்றின்கீழ் மடங்கியிருந்தன.

கருவி கண்டதே மெய் என இதனாற் பலர் துணிந்தனர். சிற்பி ரொடான் உடன்பட்டாரல்லர். காலம் ஒருபோதும் நிற்பதில்லை; அதனை நிறுத்திக் காட்டும் நிழற்படமே பொய்; ஓவியனே மெய்யன் என, 1911இல் வெளிவந்த உரையாடல் நூலொன்றில் அவர் வாதிட்டார். பின்கால் உந்திய கணமும் முன்கால் நிலந்தேடும் கணமும் ஜெரிக்கோவின் குதிரையில் ஒருங்கு அமைந்தன என்பது அவர் கருத்து.

எனினும், கருவிக்கு இவ்வாற்றல் அறவே இல்லை எனல் பொருந்தாது. பிரான்சிய இளைஞர் லார்த்தீக், 1910களின் தொடக்கத்தில், பந்தயத்தில் விரையும் மோட்டார் வண்டியொன்றைப் படம் பிடித்தார். அதன் சக்கரம் வட்டமாக இல்லை. முட்டைவடிவாய் முன்னோக்கிச் சாய்ந்துள்ளது. வீதியோரத்து மக்களோ பின்னோக்கிச் சாய்ந்து நிற்கின்றனர். அக்கமராவில் ஒளி நுழையும் பிளவு தகட்டின் குறுக்கே நகர்ந்து செல்வது. ஆதலின் சக்கரத்தின் அடி ஒரு கணத்திலும் முடி வேறொரு கணத்திலும் பதிந்தன. வண்டியைப் பின்தொடர்ந்து கமராவைத் திருப்பிய கை அதன் வேகத்துக்கு ஈடுகொடாமையால் வண்டி முன்சாய்ந்தது. கமரா திரும்பியமையால் மக்கள் பின்சாய்ந்தனர்.

அளவு பார்ப்பார்க்கு அது பிழைபட்ட படம். ஆயினும், காண்பார் நெஞ்சில் அவ்வண்டி இன்றும் ஓடுகின்றது. மைபிரிஜின் படங்களுள் ஒன்றைத் தனியே எடுத்தால் அது ஒரு காலமே காட்டும். நிரையாக நோக்கினாலன்றி ஓட்டம் புலப்படாது. லார்த்தீக்கின் படமோ பல கணங்களைத் தன்னுள் மறைத்த வினைத்தொகை.

இன்று கைத்தொலைபேசியே கமராவாயிற்று. காலின் நிலையை அறிய வேண்டுமாயின் கணத்தை நிறுத்துக. ஓட்டத்தை உணர்த்த வேண்டுமாயின் ஒளியைச் சற்று நீள உள்ளே விடுக. ஓடும் பொருளோடு கையும் செல்க. கலங்கிய படமெல்லாம் கழிக்கத்தக்கதன்று. குழந்தை ஓடிவரும் படம் துலக்கம் குறைந்ததென்று அழிக்குமுன் மற்றொருமுறை நோக்குக: முகம் தெளியாவிடினும், அவ்வோட்டம் அதில் இருத்தல் கூடும்.