படிகம் உணர்த்திய பாடம்

சதுரத் தளக்கற்களால் தரையை இடைவெளியின்றி நிரப்பலாம்; அறுகோணக் கற்களாலும் நிரப்பலாம். ஐங்கோணத்தால் முடியுமா? அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்தேன். மூன்றை ஒரு புள்ளியில் சேர்த்ததும் 36 பாகை இடைவெளி எஞ்சியது, நான்காவதற்கு இடமில்லை. ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் அடுக்கப்படுவதே படிகம். ஆகவே அதில் ஐந்து மடிச் சமச்சீர் இயலாது என்றே பாடநூல்கள் கூறிவந்தன.

1982 ஏப்ரல் 8 அன்று, அமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்த இஸ்ரேல் விஞ்ஞானி டான் ஷெக்ட்மன், விரைந்து குளிர்விக்கப்பட்ட அலுமினிய - மாங்கனீசுக் கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மையத்தைச் சுற்றிப் பத்து ஒளிப்புள்ளிகள்! ஐந்து மடிச் சமச்சீரின் அடையாளம் அது. பலர் நம்பவில்லை, மேதை லைனஸ் பாலிங்கும் ஏற்கவில்லை. 1984-இல்தான் கட்டுரை வெளியாயிற்று.

புதிருக்கு விடை என்ன? ஒழுங்கு வேறு, மீளல் வேறு. இரண்டே வகைக் கற்களால், ஒருபோதும் சீராக மீளாத ஒழுங்கான தளத்தை 1970-களிலேயே ரோஜர் பென்ரோஸ் அமைத்திருந்தார். அணுக்களும் அவ்வாறே அடுங்கியிருந்தன. 1992-இல் படிகத்தின் இலக்கணமே மாற்றப்பட்டது. 2011-இல் ஷெக்ட்மனுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

தேர்வில் ‘இயலாது’ என்றெழுதி மதிப்பெண் பெற்றவன் நான். நண்பர்களே, இனி அச்சொல்லைக் காணும்போதெல்லாம் ‘எந்த நிபந்தனையில்?’ என்று கேட்போம்.