பழைய டெம்ப்ளேட் காலை வாரிவிடும்! வேர்ட்பிரஸ் சைட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டிலிருந்தபடியே பொருட்களை விற்க வேர்ட்பிரஸில் ஒரு வெப்சைட் அமைத்திருக்கிறீர்கள். கடைக்கான வசதிகளைத் தர வூகாமர்ஸ் என்ற பிளக்-இன்னையும் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டு வருடம் பிரச்னை இல்லாமல் ஓடியது. ஒரு நாள் அட்மின் பகுதிக்குள் நுழைந்தால், உங்கள் தீமில் சில டெம்ப்ளேட் பைல்களின் பழைய காப்பிகள் உள்ளன என்று மேலே ஒரு செய்தி நிற்கிறது. சைட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. பலரும் அந்தச் செய்தியை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சில மாதம் கழித்து, "பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லையே" என்று வாடிக்கையாளர் போன் செய்யும்போதுதான் அது நினைவுக்கு வரும். போன் செய்பவராவது பரவாயில்லை. செய்யாமலே வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ!

டெம்ப்ளேட் என்பது என்ன?

வங்கியில் பணம் கட்டும் சலானை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர், கணக்கு எண், தொகை ஆகியவற்றுக்கான கட்டங்கள் முன்பே அச்சிடப்பட்டிருக்கும். நாம் விவரத்தை மட்டும் நிரப்புகிறோம். வேர்ட்பிரஸிலும் அப்படியே. நீங்கள் எழுதும் விஷயமும் விலையும் டேட்டாபேஸில் இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் எங்கே, எப்படிக் காட்டுவது என்று சொல்லும் பைல்தான் டெம்ப்ளேட். பல டெம்ப்ளேட்கள் சேர்ந்த தொகுப்பு தீம். 2005ல் வந்த வேர்ட்பிரஸ் 1.5 பதிப்பிலிருந்து தீம் என்ற இந்த ஏற்பாடு இருந்து வருகிறது.

இப்போது வங்கி சலானில் ஒரு புதிய கட்டத்தைச் சேர்க்கிறது என்று வையுங்கள். வீட்டில் மிச்சமிருந்த பழைய சலானை நிரப்பிக் கொண்டு போனால் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். டெம்ப்ளேட் பழசாகும்போதும் இதுதான் நடக்கிறது. ஆர்டர் படிவத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத சில பாதுகாப்புக் கட்டங்கள் உண்டு. புதிய வூகாமர்ஸ் ஒன்றை எதிர்பார்த்து, பழைய டெம்ப்ளேட் வேறொன்றை அனுப்பினால் படிவம் நிராகரிக்கப்படலாம்.

சரி, வூகாமர்ஸை அப்டேட் செய்தபோது டெம்ப்ளேட்டும் சேர்ந்து மாறியிருக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. வூகாமர்ஸ் தன்னுடைய டெம்ப்ளேட்களைத் தன் போல்டரில் வைத்திருக்கிறது. அவற்றின் தோற்றத்தை மாற்ற விரும்பும் தீம், அதே பெயரில் ஒரு காப்பியைத் தன் போல்டருக்குள் வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு காப்பி இருந்தால் வேர்ட்பிரஸ் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். அப்டேட்டில் மூலப் பைல் மட்டுமே மாறும். காப்பியை அது தொடாது. தொட்டால் நீங்கள் செய்த மாற்றங்கள் அழிந்துபோகுமே! சைல்டு தீம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். தாய்த் தீம் புதுசாகும், அதிலிருந்து எடுத்து வைத்த காப்பி அப்படியே கிடக்கும்.

எந்தப் பைல் பழசு?

கண்டுபிடிப்பது சுலபம். அட்மின் பகுதியில் வூகாமர்ஸ் மெனுவில் ஸ்டேட்டஸ் என்பதை கிளிக் செய்யுங்கள். வரும் பக்கத்தின் அடிப்பகுதிவரை இறங்கினால் டெம்ப்ளேட்ஸ் என்ற பிரிவு தெரியும். உங்கள் தீம் வைத்திருக்கும் காப்பிகளின் பட்டியல் அதில் இருக்கும். பழசாகிப்போன பைல் எது, அதன் பதிப்பு எண் என்ன, மூலப் பைலின் எண் என்ன என்று அதுவே சொல்லிவிடும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். வூகாமர்ஸின் எண் 9ஐத் தாண்டியிருக்கும்போது ஒரு டெம்ப்ளேட்டில் 3.4 என்று இருக்கிறதே என்று பதற வேண்டாம். அந்தப் பைல் கடைசியாக எந்தப் பதிப்பில் மாற்றப்பட்டது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. மூலத்திலும் அதே எண் இருந்தால் பிரச்னை இல்லை.

சரிசெய்யும் முறை

முதலில் பேக்கப். பைல்கள், டேட்டாபேஸ் இரண்டையும் காப்பி எடுத்து உங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த பத்திக்குப் போகாதீர்கள்.

தீமை வேறொருவர் தயாரித்திருந்தால், அதற்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதை அப்டேட் செய்தாலே வேலை முடிந்துவிடும். ஆனால் தீமின் பைல்களுக்குள் நீங்களே நேரடியாக மாற்றம் செய்திருந்தால் அப்டேட் அதை அழித்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

காப்பி உங்களுடையது என்றால் நீங்களேதான் திருத்த வேண்டும். பைல்சில்லா போன்ற எப்டிபி சாப்ட்வேர் மூலம் இரண்டு பைல்களை டவுன்லோடு செய்யுங்கள். ஒன்று தீமின் வூகாமர்ஸ் போல்டரில் உள்ள காப்பி. மற்றது வூகாமர்ஸ் பிளக்-இன் போல்டருக்குள் டெம்ப்ளேட்ஸ் என்ற போல்டரில் உள்ள மூலம். வின்மெர்ஜ் என்ற இலவச சாப்ட்வேரில் இரண்டையும் அருகருகே திறந்தால், வேறுபடும் வரிகள் வண்ணமிட்டுத் தெரியும். எது நீங்கள் செய்த மாற்றம் என்று குறித்துக்கொண்டு, அதைப் புதிய மூலத்தின் காப்பியில் சேருங்கள். பழைய பைலில் புதிய வரிகளை ஒட்டுப்போடுவதைவிட இது நல்லது, எதுவும் விட்டுப்போகாது. பிறகு அதைத் தீம் போல்டரில் பழையதற்குப் பதிலாக வையுங்கள்.

சில சமயம் இரண்டுக்கும் உருப்படியான வேறுபாடே இருக்காது. என்றோ யாரோ காப்பி எடுத்து, ஒன்றும் மாற்றாமல் விட்டிருப்பார்கள். அப்படியானால் காப்பியை நீக்கிவிடுங்கள். வேர்ட்பிரஸ் தானாகவே மூலத்துக்குப் போய்விடும்.

பைலின் மேலே உள்ள எண்ணை மட்டும் புதிய எண்ணாக மாற்றினால் எச்சரிக்கை மறைந்துவிடும். இப்படிச் செய்துவிட்டு "சரியாகிவிட்டது" என்பவர்கள் உண்டு. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைத் திருத்திய கதை இது!

வேலை முடிந்ததும் நீங்களே வாடிக்கையாளராக மாறி, ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்துப் பாருங்கள். உறுதி செய்யும் ஈமெயில் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். ஈமெயிலின் தோற்றத்துக்கும் தனி டெம்ப்ளேட் உண்டு.

2023ல் வந்த வூகாமர்ஸ் 8.3 முதல், புதிதாக அமைக்கும் கடைகளில் கார்ட், செக்அவுட் பக்கங்கள் பிளாக் முறையில் இயங்குகின்றன. அவை இந்த பைல் காப்பிகளைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு முன் தொடங்கிய கடைகளும், மற்ற பக்கங்களும்தான் கவனிக்க வேண்டியவை.

உபயோகிக்காத தீம்கள்

பிடித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்ட தீம்கள் சர்வரில் அப்படியே இருக்கும். அவையும் ஆபத்துதான். படங்களைச் சிறிதாக்கிக் காட்ட டிம்தம்ப் என்ற சிறு புரோகிராமை ஏராளமான தீம்கள் தங்களோடு சேர்த்திருந்தன. குறிப்பிட்ட சில சைட்களிலிருந்து மட்டும் படம் எடுக்கலாம் என்பது அதன் விதி. ஆனால் முகவரிக்குள் எங்காவது அந்த சைட்டின் பெயர் இருந்தாலே அது நம்பிவிடும் என்ற ஓட்டை 2011 ஆகஸ்டில் வெளியானது. அதன் வழியாகப் பிறர் தங்கள் பைலை உங்கள் சர்வருக்குள் நுழைத்து இயக்க முடிந்தது. தீம் இயக்கத்தில் இல்லாவிட்டாலும் அந்த பைல் போல்டரில் இருந்தாலே போதும்.

எனவே அப்பியரன்ஸ் மெனுவில் தீம்ஸ் பக்கத்துக்குப் போய், இப்போது இயங்கும் தீம், அது சைல்டு தீம் என்றால் அதன் தாய்த் தீம், வேர்ட்பிரஸுடன் வரும் தீம் ஒன்று ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். வேர்ட்பிரஸ் தீம் எதற்கு? உங்கள் தீம் பழுதாகி சைட்டே திறக்காமல் போனால், எப்டிபி மூலம் அதன் போல்டர் பெயரை மாற்றிவிட்டு அட்மின் பகுதிக்குள் நுழையுங்கள். வேர்ட்பிரஸ் அந்தத் தீமுக்கு மாறிக்கொள்ளும்.